லோடிங் ரூமில் நெயில் பாலிஷ் எதற்கு?

துப்பாக்கி கிளப்பில் தோட்டா நிரப்பும் லோடிங் ரூமுக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களில் ஒருவர் போன வாரம் போனில் கேட்டார்.

"அண்ணே, ஒரு சந்தேகம். ஜன்னல் ஓரத் தட்டுல ரெண்டு நெயில் பாலிஷ் பாட்டில் இருக்கு. ஒண்ணு சிவப்பு, ஒண்ணு பச்சை. 'கேட்காமல் தொடாதே'ன்னு வேற எழுதி ஒட்டியிருக்கு. இங்க லேடீஸே கிடையாதே, அது எதுக்கு?"

"காக்காகிட்ட கேக்க வேண்டியதுதானே?"

"கேட்டேன். உங்களைக் கேக்கச் சொல்லிட்டு டீ குடிக்கப் போயிட்டாரு."

போவார். அந்தக் கதையில் அவருக்குச் சொல்லப் பிடிக்காத பங்கு ஒன்று இருக்கிறது. எனக்கும் ஒன்று இருக்கிறது. நான் விசாவை கேன்சல் செய்து ஊருக்கு வந்துவிட்டேன், இனிமேல் என்னை யாரும் வேலையை விட்டு அனுப்ப முடியாது. அதனால் நானே சொல்லிவிடுகிறேன். மருந்து எவ்வளவு, அச்சு எப்படி என்பதெல்லாம் சுவரில் தொங்கும் புத்தகத்தில் இருக்கிறது. புத்தகத்தில் இல்லாதது இது.

முதலில் என்னைப் பற்றி. ஏழாவதோடு படிப்பு நின்றது. சாத்தூர் பக்கம் ஒரு பட்டாசு ஆபீஸில் கொஞ்ச காலம், பிறகு லேத்தில் பித்தளை கடையும் வேலை. பட்டாசு ஆபீஸில் வேலை பார்த்தவனுக்கு ஒரு வியாதி ஒட்டிக்கொள்ளும். எதைப் பார்த்தாலும் இது எப்போது வெடிக்கும் என்றுதான் தோன்றும். எனக்கு அது கொஞ்சம் அதிகமாகவே ஒட்டியது. பூட்டிய கதவை மூன்று முறை இழுத்துப் பார்ப்பேன். பஸ்ஸில் ஏறிய பிறகு அயர்ன் பாக்ஸை அணைத்தேனா என்று ரூம்காரனுக்கு போன் போடுவேன். அயர்ன் பாக்ஸ் அவனுடையது, அன்றைக்கு நான் அதைத் தொட்டே இருக்க மாட்டேன்.

ஷார்ஜாவில் லேத் கடையில் இருந்த என்னைத் துப்பாக்கி சுடும் கிளப்புக்குக் கூட்டிப்போனவர் காக்கா. லோடிங் ரூமுக்கு இன்சார்ஜ். காயல்பட்டினத்துக்காரர், அங்கே அண்ணனைக் காக்கா என்பார்கள், எல்லாருக்கும் அவர் காக்காதான். அவருக்கு அப்போது பித்தளை வெட்டத் தெரிந்த ஒரு கை தேவைப்பட்டது. ஏனென்றால் கிளப்பில் சுட வருகிறவர்களில் சிலரிடம் நூறு வருஷத்துக்கும் மேல் பழைய ரிவால்வர்கள் உண்டு. அதற்குத் தோட்டா இப்போது எந்தக் கம்பெனியும் செய்வதில்லை. இப்போது கிடைக்கும் நீள ஷெல்லை, அதாவது தோட்டாவின் பித்தளைக் கூட்டை வாங்கி, வாயை வெட்டிக் குட்டையாக்கி, நாமே நிரப்ப வேண்டும். லைசென்ஸ், போலீஸ் அனுமதி எல்லாம் கிளப் பெயரில் பக்காவாக இருந்தது. நான் மட்டும்தான் முதல் ஒரு மாதம், நம்மைப் பிடித்துக்கொண்டு போகப் போகிறார்கள் என்று தூங்காமல் கிடந்தேன்.

காக்கா எனக்கு வைத்த பெயர் டென்ஷன். "ஓய் டென்ஷன், டீ குடிக்க வா. டீ வெடிக்காது, நான் பார்த்துட்டேன்."

இனி நெயில் பாலிஷ்.

எங்களிடம் ஒரே அளவில் இரண்டு ரிவால்வர் இருந்தன. ஒன்று நிஜப் பழசு. இன்னொன்று அதைப் பார்த்து இந்தக் காலத்து இரும்பில் செய்த நகல், மெம்பர்கள் பழகுவதற்கு. இரண்டுக்கும் அதே குட்டை ஷெல்தான். உள்ளே போகும் மருந்துதான் வேறு. பழசுக்குக் கறுப்பு மருந்து, மெதுவாகத் தள்ளும். நகலுக்குப் புது மருந்து, அதற்கு வேகம் அதிகம். பழசுக்குப் போட்டதை நகலில் சுட்டால் புகை வரும், அவ்வளவுதான். நகலுக்குப் போட்டது பழசுக்குள் போனால் துப்பாக்கி பிளக்கும், பிடித்திருக்கிற கை போகும். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டு தோட்டாவும் அண்ணன் தம்பி மாதிரி ஒரே முகம்.

அதனால் பழசுக்கானதை நிரப்பி முடித்ததும், கடைசி வேலையாக, அதன் அடிப்பக்கத்தில் சிவப்பு அடிப்பேன். பெயின்ட் உரிந்துபோகிறது, மார்க்கர் அழிந்துபோகிறது, நெயில் பாலிஷ்தான் நிற்கும் என்றார் காக்கா. ஷார்ஜா ரோலாவில் எங்கள் ரூமுக்குக் கீழே ஒரு ஃபேன்சி கடை. மதுரைக்காரத் தம்பி ஒருவன் இருந்தான்.

"யாருக்குண்ணே?" என்றான்.

"வேலைக்கு" என்றேன்.

அவன் என் கையைப் பார்த்தான், முகத்தைப் பார்த்தான். "சரிண்ணே. நான் ஒண்ணும் கேக்கல" என்றான். கடையிலிருந்த எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். அன்று ராத்திரிக்குள் ரூமில் ஆறு பேருக்கும் தெரிந்துவிட்டது. என் விரலில் ஒட்டியிருந்த சிவப்பைப் பார்த்துவிட்டு ஒருவன், ஊரில் என் வீட்டுக்காரிக்குச் சொல்லட்டுமா என்று ஒரு வாரம் மிரட்டினான். இரண்டாவது பாட்டில் வாங்கப் போனபோது அந்த வெட்கத்தில் நம்பர் கிம்பர் எதையும் பார்க்கவில்லை. சிவப்பு என்று கையில் வந்ததை எடுத்துக்கொண்டு ஓடி வந்துவிட்டேன். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த நிஜப் பழசுக்குச் சொந்தக்காரர் ஒரு அர்பாப், அதாவது அரபு முதலாளி, கிளப்பின் பழைய மெம்பர். அது அவருடைய தாத்தாவின் துப்பாக்கி. தாத்தா முத்துக் குளிக்கும் படகுக்குத் தலைவராக இருந்தவர். படகு கரை திரும்பும்போது தூரத்திலிருந்தே இரண்டு முறை வானத்தைப் பார்த்துச் சுடுவாராம். அந்தச் சத்தம் கேட்டதும் கரையில் பிள்ளைகள் ஓடுவார்களாம். அப்படி ஓடிய ஒரு பிள்ளை, அர்பாபின் தகப்பனார், இப்போது தொண்ணூறு வயதை ஒட்டி இருந்தார். சக்கர நாற்காலி, இரண்டு காதிலும் மெஷின். அந்தச் சத்தத்தை இன்னொரு தடவை கேட்க வேண்டும் என்று அவருக்கு ஆசை. டாக்டர் மாதக்கணக்கில் மாட்டேன் என்று சொல்லி, கடைசியில் ஒரு காலையில் ஒரு மணி நேரம் மட்டும் என்று விட்டார். இன்னொரு தடவை விடுவார் என்று யாரும் நம்பவில்லை.

அதற்கு முந்தின நாள் சாயங்காலம் பன்னிரண்டு தோட்டா செய்தேன். ஒன்றின் வாயில் சின்ன நெளிசல். சுட்டால் ஒன்றும் ஆகாது, ஆனால் நான் டென்ஷன் இல்லையா, அதைக் கழிசல் டப்பாவில் போட்டேன். பதினொன்றுக்கும் பழைய பாட்டிலின் கடைசிச் சொட்டு வரைக்கும் வழித்து அடித்துப் பன்னிரண்டு குழிப் பெட்டியில் வைத்தேன். ஒரு குழி காலி. சுடப்போவது ஆறுதான், போதும். அதற்குள் கம்பெனி பஸ் ஹாரன் அடித்தது. அதை விட்டால் ரோலாவுக்கு வேறு வழி கிடையாது. எல்லாவற்றையும் போட்டது போட்டபடி ஓடினேன்.

போட்டது போட்டபடி என்றேனே, அதில் காலையில் நகலுக்காகச் செய்ததில் மிச்சமான ஒரு தோட்டாவும் இருந்தது. பெஞ்சில், என் தட்டுக்குப் பக்கத்திலேயே. பெஞ்சில் ஒரு நேரத்தில் ஒரு ஜாதி தோட்டாதான் இருக்க வேண்டும் என்பது முதல் சட்டம். எத்தனையோ பேருக்கு நானே சொல்லிக்கொடுத்த சட்டம்.

அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. பெஞ்சை நினைத்தா? இல்லை. பெரியவருடைய சக்கர நாற்காலியின் பிரேக்கை நினைத்து. சுடும் மேடை கொஞ்சம் சரிவு, உருண்டுவிட்டால் என்ன செய்வது என்று.

காலையில் கிளப்பில் இறங்கியதும் பிரேக்கைப் பற்றித்தான் பேசினேன். காக்கா போய் சக்கரத்துக்கு முட்டுக்கொடுக்க ஒரு மரக்கட்டை கொண்டுவந்து மேடையில் போட்டார். பிறகு லோடிங் ரூம் பூட்டியிருக்கிறதா என்று சந்தேகம் வந்து, மேடைக்குப் போகும் பாதி வழியில் திரும்பி ஓடிப் பார்த்துவிட்டு வந்தேன். பூட்டித்தான் இருந்தது. காக்கா என் தோளைப் பிடித்தார்.

"ஓய். இன்னைக்கு உன் வாயிலேர்ந்து ரெண்டே விஷயம்தான் வரணும். ஒண்ணு சிரிப்பு, இன்னொண்ணு சலாம். மூணாவதா எதுவும் வந்துச்சு, உன்னை டார்கெட் ஒட்டுற வேலைக்கு மாத்திருவேன்."

"சரி காக்கா."

பத்து மணி, குளிர்கால வெயில். பெரியவர் வந்தார். மகன்கள், பேரன்கள், ஒரு நர்ஸ். காதுக்குப் பெரிய மூடி போட வேண்டும் என்றதும் பெரியவர் கோபித்துக்கொண்டார், கேட்க வந்தவனுக்கு மூடி எதற்கு என்று. காதில் கேட்காவிட்டாலும் நெஞ்சில் கேட்கும் என்று காக்கா அரபியில் சொல்லிச் சமாதானப்படுத்தினார். சுடும் நேரத்தில் மட்டும் காது மெஷினைக் கழற்றி மூடி போடுவதாக முடிவானது. துப்பாக்கியை மகன் இரண்டு கையாலும் தாங்குவார், மேலே தகப்பனார் கை, விசையில் தகப்பனார் விரல்.

காக்கா தோட்டாப் பெட்டியை மேஜையில் வைத்துத் திறந்தார். அடிப்பக்கம் மேலே பார்க்க, வரிசையாகச் சிவப்பு.

காலிக் குழி இல்லை. பன்னிரண்டும் இருந்தது.

நான் பதினொன்று வைத்தேனா, பன்னிரண்டு வைத்தேனா? உங்களுக்கு இது எப்படி இருக்கும் என்று தெரியாது. என் கணக்கை நானே நம்பி எனக்குப் பழக்கமில்லை. பூட்டிய கதவையே பூட்டவில்லை என்று நினைக்கிறவன் நான். கொஞ்ச நேரம் முன்னால்தான் ஒரு பூட்டு விஷயத்தில் தோற்றிருந்தேன். வாயை மூடிக்கொண்டு நில், இதுவும் அது மாதிரிதான் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன்.

காக்கா முதல் தோட்டாவை எடுத்தார். பெட்டி கொஞ்சம் நகர்ந்தது. வெயில் நேராக விழுந்தது.

பதினொன்று ரத்தச் சிவப்பு. ஓரத்தில் ஒன்று மட்டும் தக்காளிச் சிவப்பு.

ரூமின் ட்யூப்லைட்டில் இரண்டும் ஒரே நிறமாகத்தான் தெரியும். வெயிலில்தான் வேறு. வெட்கத்தில் வாங்கிய அந்தப் புது பாட்டிலை நான் இன்னும் திறக்கவே இல்லையே!

பெட்டியின் மேல் என் கையை வைத்து மூடினேன்.

"கையை எடு ஓய்" என்றார் காக்கா, சிரித்த முகம் மாறாமல், தமிழில்.

"எடுக்க மாட்டேன் காக்கா. நான் பதினொண்ணுதான் வெச்சேன்."

"ஒண்ணு பெஞ்சில கிடந்துச்சு. பாலிஷ் அடிக்காம பஸ்ஸுக்கு ஓடிட்டியேன்னு நான்தான் அடிச்சு வெச்சேன். இப்ப நிம்மதியா?"

"காக்கா, பெஞ்சில கிடந்தது நகலுக்குப் போட்டது. புது மருந்து."

அவர் கையிலிருந்த தோட்டாவை மேஜையில் வைத்தார்.

"ஷூ ஃபீ?" என்றார் அர்பாப். என்ன விஷயம் என்று.

காக்கா நினைத்திருந்தால் ஏதாவது சொல்லிச் சமாளித்திருக்கலாம். அந்த ஒன்றைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு, மற்றதில் ஆறைச் சுட்டுவிட்டு, சாயங்காலம் என்னோடு சண்டை போட்டிருக்கலாம். அவருக்கு முப்பது வருஷ சர்வீஸ், அந்தக் குடும்பத்தில் அவருக்கு நல்ல பெயர். அவர் நிமிர்ந்து நின்று அரபியில் நடந்ததை நடந்தபடி சொன்னார். எனக்கு அரபி அரைகுறைதான், ஆனால் நெஞ்சில் கைவைத்து "அனா" என்று அவர் சொன்னது புரிந்தது. நான்தான் என்று.

நானும் சும்மா இருக்கவில்லை. "பெஞ்சில விட்டுட்டுப் போனது நான்னு சொல்லுங்க காக்கா" என்றேன். அதையும் சொன்னார்.

அர்பாப் சத்தம் போடவில்லை. துப்பாக்கியைத் துணியில் சுற்றினார். "கலாஸ்" என்றார், முடிந்தது என்று. ஒரு பெட்டியில் ஒன்று தப்பு என்றால் மற்றதை எப்படி நம்புவது? நியாயம்தான். நான் அவர் இடத்தில் இருந்திருந்தால் நேற்றே கலாஸ் சொல்லியிருப்பேன்.

பெரியவருக்கு என்ன நடக்கிறது என்று புரியவில்லை. துணிக்குள் போகும் துப்பாக்கியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். பேரன் குனிந்து காதில் சொன்னான். அவர் முகம் அப்படியே சுருங்கியது. அவருக்கு டாக்டர் கொடுத்த ஒரு மணி நேரத்தில் பாதி போயிருந்தது.

பயப்படுகிறவனுக்கு இதுதான் வசதியான இடம். நிறுத்தியாயிற்று, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை, வீட்டுக்குப் போகலாம். ஆனால் அந்த முகத்தைப் பார்த்தபோது எனக்கு வேறு ஒன்று தோன்றியது. நிறுத்தினது பாதி வேலைதான். எது நல்லது என்று காட்டுவது மீதிப் பாதி.

"காக்கா, ஆட்டிப் பார்க்கலாம்" என்றேன்.

கறுப்பு மருந்தை இடைவெளி இல்லாமல் நிரப்பி, ஈயக் குண்டை அழுத்தி உட்கார வைப்போம். ஆட்டினால் உள்ளே எதுவும் அசையாது. புது மருந்து ஒரு சிட்டிகைதான், மீதி இடம் காலி. ஆட்டினால் உள்ளே மணல் மாதிரி ஓடும்.

நான் ஒன்றைக் காதருகே ஆட்டினேன். எனக்குக் கேட்டதெல்லாம் என் நெஞ்சு அடிக்கிற சத்தம்தான். காக்கா ஆட்டினார், கேட்கவில்லை என்றார். அர்பாப் சிரித்தார், நல்ல சிரிப்பு இல்லை. தப்பு செய்த இரண்டு பேரே பரீட்சை எழுதி மார்க்கும் போட்டுக்கொள்வதா என்று கேட்டார்.

அப்போது பெரியவர் கையை நீட்டினார். என்ன ஆட்டுகிறீர்கள், இங்கே கொடு என்று. காது மெஷினின் சின்னச் சக்கரத்தை விரலால் மேலே தள்ளினார். அதிலிருந்து கீச்சென்று ஒரு சத்தம் வந்தது.

நான் பன்னிரண்டையும் ஒரு துண்டில் கொட்டிக் கலைத்தேன். சிவப்பு தெரியாதபடி அடிப்பக்கத்தை உள்ளங்கையில் மறைத்து ஒவ்வொன்றாகக் கொடுத்தேன். எது எது என்று எனக்கே தெரியாது. பெரியவர் காதோடு ஒட்டி ஆட்டினார்.

"மாஃபி" என்றார். ஒன்றுமில்லை.

இரண்டாவது. "மாஃபி."

மூன்று, நான்கு, ஐந்து. மாஃபி, மாஃபி, மாஃபி. பேரன்கள் கிட்டே வந்து நின்றார்கள். ஆறாவதுக்குக் கொஞ்ச நேரம் எடுத்துக்கொண்டார். "மாஃபி." ஏழு, எட்டு, மாஃபி.

ஒன்பதாவது தோட்டாவைக் காதில் வைத்து ஆட்டினார். மறுபடி ஆட்டினார். மறு காதில் வைத்து ஆட்டினார். பிறகு வாயெல்லாம் சிரிப்பாக, ஏதோ மீன் பிடித்துவிட்டவர் மாதிரி அதைத் தூக்கிக் காட்டினார்.

"ஃபீ!"

இருக்கிறது! திருப்பிப் பார்த்தோம். தக்காளிச் சிவப்பு.

பேரன்கள் கை தட்டினார்கள். மிச்சம் மூன்றும் மாஃபி. அது மட்டும் போதாது என்று காக்கா, அந்த ஒன்றையும், அர்பாப் தன் கையால் பொறுக்கிக் கொடுத்த வேறு இரண்டையும் எடுத்துக்கொண்டு லோடிங் ரூமுக்குப் போனார். கால்மணி நேரத்தில் மூன்று காகிதத்தில் மருந்தோடு திரும்பி வந்தார். இரண்டில் கறுப்பு. ஒன்றில் சாம்பல் நிறத்தில், பொடிப்பொடித் தட்டுகளாக.

அர்பாப் மூன்றையும் விரலால் தொட்டுப் பார்த்தார். துணியைப் பிரித்தார். "யல்லா" என்றார், ஆரம்பிக்கலாம் என்று.

முதல் குண்டு வெடித்தபோது மேடையே தெரியவில்லை, அவ்வளவு வெள்ளைப் புகை. புகை விலகியதும் பார்த்தால், பெரியவர் காது மூடியைக் கழற்றிவிட்டு, தன் சட்டைக் கையை முகர்ந்துகொண்டிருந்தார். ஆறும் சுட்டு முடித்த பிறகு, பழைய சத்தம் மாதிரியே இருந்ததா என்று மகன் கேட்டார். பெரியவர் சொன்னதைக் காக்கா எனக்கு மொழிபெயர்த்தார்.

"சத்தம் அப்ப இன்னும் பெருசாம். இவரு அப்ப ரொம்பச் சின்னதாம். ஆனா வாசனை அதேதானாம். சுட்டுட்டு வந்த வாப்பா சட்டையை இவங்க உம்மா மூணு நாளைக்கு வீட்டுக்குள்ள விட மாட்டாங்களாம்."

போகும்போது பெரியவர் என்னைக் கூப்பிட்டு, தன் காது மெஷினைத் தட்டிக்காட்டி ஏதோ சொன்னார். காக்கா சிரித்துவிட்டார். "வேலை காலியா இருந்தா சொல்லு, வர்றேங்கிறாரு."

தம்பிமார்களே, அன்றைக்கு எனக்குப் புரிந்தது ஒன்றுதான். நான் பிரேக்குக்குக் கவலைப்பட்டேன், பூட்டுக்குக் கவலைப்பட்டேன். பெஞ்சை மறந்தேன். எல்லாவற்றுக்கும் ஒரே அளவில் பயப்படுகிறவன் எதையும் பார்ப்பதில்லை. ஆனால் கையில் காட்ட ஒரு பொருள் இருக்கிற பயம் வந்தால், எதிரே நிற்பது இன்சார்ஜ் ஆனாலும் அர்பாப் ஆனாலும் பெட்டியை மூடிவிடுங்கள். நிறுத்திய பிறகு அங்கேயே நில்லுங்கள், ஓடி வந்துவிடாதீர்கள். உங்கள் தலைக்கு மேல் காக்கா மாதிரி ஒருவர் இருந்தால் நல்லது. இல்லாவிட்டாலும் மூடுங்கள்.

அன்று கம்பெனி பஸ்ஸில் என்னை ஏற விடவில்லை காக்கா. தன் காரில் ஏற்றினார். ரோலா வந்ததும், "எங்க அந்தக் கடை?" என்றார்.

மதுரைக்காரத் தம்பி என்னைப் பார்த்ததும் கண்ணைச் சிமிட்டினான். "வாங்கண்ணே. இன்னொண்ணா? அண்ணி ஊர்லேர்ந்து வந்துட்டாங்களா?"

"இல்ல தம்பி. இவருக்கு."

அவன் காக்காவைப் பார்த்தான். நரைத்த தாடி, தலையில் தொப்பி, சட்டையெல்லாம் வெடிமருந்துப் புகை.

"பச்சை காட்டுப்பா" என்றார் காக்கா, கொஞ்சமும் முகம் மாறாமல். "இனிமே இவன் அடிக்கிறது சிவப்பு, நான் அடிக்கிறது பச்சை. யாருதுன்னு தெரியணும்ல?"

அந்தத் தம்பி என்ன புரிந்துகொண்டானோ தெரியாது. ஒன்றும் கேட்கவில்லை. ஐந்தாறு பச்சையை எடுத்து வரிசையாக வைத்தான். காக்கா அத்தனையையும் இரண்டு கையிலும் அள்ளிக்கொண்டு கடைக்கு வெளியே போனார். பஸ்ஸுக்கு நிற்கிற கூட்டத்துக்கு நடுவில் நின்று, ஒவ்வொரு பாட்டிலாகத் தூக்கிப் பிடித்து, சாய்கிற வெயிலில் பார்த்தார்.

"ஓய் டென்ஷன்" என்று கத்தினார். "உன் சிவப்பையும் கொண்டுவா. வெயில்ல பார்த்துத்தான் வாங்கணும்."